முட்டைக்கோஸ், முள்ளங்கி, கடுகு: இவற்றின் சத்து உடலில் சேருவது சமைக்கும் முறையைப் பொறுத்ததா?

வியாசர்பாடி வாசகர்

அனைவருக்கும் வணக்கம். என் சித்தி மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்து, இப்போது தினமும் டமாக்சிஃபென் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். சில வாரங்களாகப் புரோக்கோலிச் சாறு அடைத்தவை என்று சொல்லி விற்கப்படும் மாத்திரைகளையும் சேர்த்து வாங்கத் தொடங்கியிருக்கிறார். ஒரு புட்டியின் விலை எங்கள் வீட்டின் ஒரு மாதக் காய்கறிச் செலவைவிட அதிகம். விற்றவர் சொன்ன காரணம் இதுதான்: "சல்ஃபோராபேன் என்ற பொருள் புற்றுநோயைத் தடுக்கும், அது நம்மூர்க் காய்களில் கிடையாது, சமைத்தால் புரோக்கோலியிலும் அழிந்துவிடும்."

இதில் எவ்வளவு உண்மை என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். எங்கள் பகுதியில் புரோக்கோலி எப்போதாவதுதான் வண்டியில் வரும். கோஸும் முள்ளங்கியும் நூக்கலும் தினமும் கிடைக்கின்றன. இவை ஒரே குடும்பத்துச் செடிகள் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் இவற்றில் அந்தச் சத்து இல்லையா, அல்லது நாம் சமைக்கும் முறையில் அதை இழக்கிறோமா?

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், தண்டையார்பேட்டை

நல்ல கேள்வி, தம்பி. அடிப்படையிலிருந்து சொல்கிறேன், ஏனெனில் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, நூக்கல், டர்னிப், புரோக்கோலி, கடுகு ஆகிய அனைத்தும் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றில் குளுக்கோசினோலேட்டுகள் எனப்படும் கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. அவை இருக்கிறபடியே பெரிய வேலை எதையும் செய்வதில்லை. அதே செடியில், வேறு வகை செல்களில், மைரோசினேஸ் என்ற நொதி தனியாக அடைபட்டிருக்கிறது. நறுக்கும்போதோ மெல்லும்போதோ செல்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. அப்போதுதான் ஐசோதயோசயனேட்டுகள் உருவாகின்றன. முள்ளங்கியைத் துருவும்போது மூக்கில் ஏறும் அந்த நெடியும், பச்சைக் கடுகை அரைத்ததும் கண்ணில் நீர் வரவழைக்கும் காரமும் அவைதான். முழுக் கடுகை முகர்ந்தால் அந்தக் காரம் இருக்காது என்பதைக் கவனித்திருப்பீர்கள். செடியைக் கடிக்க வரும் பூச்சிகளுக்கு எதிராக அது வைத்திருக்கும் தற்காப்பு இது. தீக்குச்சியின் மருந்தும் பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையும் உரசும் வரை தனித்தனியே இருப்பதைப் போன்ற ஏற்பாடு.

இந்தக் குடும்பத்தில் ஒவ்வொரு காயிலும் வெவ்வேறு குளுக்கோசினோலேட்டுகள் மிகுந்திருக்கின்றன. புரோக்கோலியில் மிகுந்திருப்பது குளுக்கோராபனின். அதிலிருந்து வருவது சல்ஃபோராபேன். கோஸிலும் கருங்கடுகிலும் சினிக்ரின் முக்கியமானது. அதிலிருந்து அல்லைல் ஐசோதயோசயனேட் வருகிறது. கோஸ் குடும்பத்துக் காய்களில் உள்ள குளுக்கோபிராசிசினிலிருந்து இண்டோல்-3-கார்பினால் வருகிறது. ஆகவே "சல்ஃபோராபேன் நம்மூர்க் காயில் கிடையாது" என்பதில், புரோக்கோலியோடு ஒப்பிட்டால் கோஸில் அது குறைவு என்ற அளவுக்கு உண்மை உண்டு. அதே வகையைச் சேர்ந்த, உடலின் பாதுகாப்பு நொதிகளைத் தூண்டும் தன்மையுள்ள வேறு சேர்மங்கள் கோஸிலும் முள்ளங்கியிலும் கடுகிலும் இருக்கின்றன என்ற மற்றொரு பாதியை விற்பவர்கள் சொல்வதில்லை. நம் முருங்கை வேறு குடும்பம் என்றாலும் கடுகின் தாவர வரிசையிலேயே வருகிறது. அதிலும் தனக்கே உரிய குளுக்கோசினோலேட் ஒன்று உண்டு.

1992-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலாலே குழுவினர் புரோக்கோலியிலிருந்து சல்ஃபோராபேனைப் பிரித்தெடுத்து, அது உடலின் நச்சுநீக்க நொதிகளை வலுவாகத் தூண்டுகிறது என்று காட்டினார்கள். 1997-இல் அதே குழு, மூன்று நாள் வயதுள்ள புரோக்கோலி முளைகளில் முதிர்ந்த காயைவிட 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாகக் குளுக்கோராபனின் வகைச் சேர்மங்கள் இருப்பதாக வெளியிட்டது. இன்றைய மாத்திரை வணிகம் இந்த இரு கண்டுபிடிப்புகளின் தோளில்தான் நிற்கிறது.

ராயபுரம் இல்லத்தரசி

ஐயா சொன்னதைப் படித்தபின் எனக்குச் சமையலறைக் கேள்விகள் எழுகின்றன. நான் கோஸ் பொரியலுக்குத் தண்ணீர் தெளித்து மூடி வேகவைப்பேன். என் மாமியார் நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டுத் தாளிப்பார். காலிஃபிளவரை மஞ்சளும் உப்பும் போட்ட கொதிநீரில் போட்டெடுக்காமல் எங்கள் வீட்டில் யாரும் சமைப்பதில்லை, ஏனெனில் பூவுக்குள் புழு இருக்கும். முள்ளங்கிச் சாம்பாருக்குக் குக்கரில் இரண்டு விசில் விடுகிறேன். வெப்பம் நொதியை அழிக்கும் என்றால் இவை எல்லாவற்றிலும் நமக்குக் கிடைப்பது நார்ச்சத்து மட்டும்தானா? பச்சையாகச் சாப்பிடச் சொன்னால் இன்னொரு அச்சம்: கோஸைப் பச்சையாகத் தின்றால் நாடாப்புழு முட்டை மூளைக்குப் போய்விடும் என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள்.

உணவியல் பணியாளர், பெரம்பூர்

நான் உணவியல் படித்து ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறேன். ராயபுரம் அம்மாவின் கேள்விகள்தான் இந்த இழையின் மையம் என்று நினைக்கிறேன், ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வெப்பம். 2008-இல் வெளியான ஒரு ஆய்வில், எட்டு ஆண்களுக்கு 200 கிராம் புரோக்கோலியை ஒருமுறை பச்சையாகவும் மற்றொருமுறை வேகவைத்தும் கொடுத்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் சல்ஃபோராபேனை அளந்தார்கள். பச்சையாகத் தின்றபோது 37 விழுக்காடு உடலில் சேர்ந்தது. வேகவைத்துத் தின்றபோது 3.4 விழுக்காடுதான். பச்சையாகத் தின்றபோது இரத்தத்தில் உச்ச அளவு சுமார் ஒன்றரை மணி நேரத்தில் வந்தது, வேகவைத்தபோது ஆறு மணி நேரம் ஆனது. இந்தத் தாமதத்திற்குக் காரணம் உண்டு. காயின் நொதி உயிரோடு இருந்தால் வேலை வாயிலும் மேற்குடலிலும் நடந்து, சிறுகுடலிலேயே உறிஞ்சப்படுகிறது. நொதி இறந்துவிட்டால் குளுக்கோசினோலேட் பெருங்குடல் வரை சென்று, அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைச் சிதைக்க வேண்டியிருக்கிறது. அந்த நுண்ணுயிரிகள் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடுவதால், ஒரே பொரியலைத் தின்ற இருவரில் ஒருவருக்கு ஓரளவு கிடைக்கும், மற்றவருக்கு ஏறத்தாழ எதுவும் கிடைக்காது. ஆகவே சமைத்த காயில் ஒன்றுமே இல்லை என்பது தவறு. குறைவாகவும் நிச்சயமில்லாமலும் கிடைக்கிறது என்பதே சரி.

அடுத்தது தண்ணீர். குளுக்கோசினோலேட்டுகள் நீரில் எளிதில் கரைபவை. நிறைய நீரில் வேகவைத்து வடித்தால் நொதி மட்டுமல்ல, மூலப்பொருளே வடிநீரோடு போய்விடுகிறது. தண்ணீர் தெளித்து மூடி வேகவைப்பதில் நொதி இறந்தாலும் மூலப்பொருளில் பெரும்பகுதி சட்டியிலேயே தங்குகிறது. சாம்பாரில் நீரையும் சேர்த்தே உண்பதால் முள்ளங்கியிலிருந்து கரைந்ததும் வீணாவதில்லை. காலிஃபிளவரைக் கொதிநீரில் முக்குவதைப் பூச்சிகளுக்காகச் செய்யத்தான் வேண்டும். பெரிய பூக்களாக வைத்து, ஓரிரு நிமிடத்தில் எடுத்துவிடுங்கள், பொடியாக நறுக்கியபின் ஊறவைக்காதீர்கள்.

இப்போது நம் கையில் இருக்கும் இரண்டு வழிகள். ஒன்று, காயை நறுக்கிவிட்டு உடனே அடுப்பில் ஏற்றாமல் காத்திருப்பது. சீனாவில் செய்யப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில், புரோக்கோலியை நறுக்கி 90 நிமிடம் வைத்தபின் வதக்கியதில், நறுக்கியவுடன் வதக்கியதைவிட 2.8 மடங்கு அதிகமாகச் சல்ஃபோராபேன் இருந்தது. நொதி தன் வேலையை வெப்பம் வருவதற்கு முன்பே முடித்துவிடுகிறது என்பதே இதன் உட்பொருள். காலையில் எழுந்ததும் கோஸைப் பொடியாக அரிந்து மூடி வைத்துவிட்டு, சோறும் குழம்பும் முடிந்தபின் பொரியலைக் கடைசியாகச் செய்தால் போதும். கூடுதல் செலவு எதுவும் இல்லை.

மற்றொன்று, சமைத்தபின் வெளியிலிருந்து நொதியைச் சேர்ப்பது. இங்கிலாந்தில் 12 பேரை வைத்துச் செய்து 2018-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வேகவைத்த 200 கிராம் புரோக்கோலியின்மேல் ஒரு கிராம் கடுகுப் பொடி தூவிக் கொடுத்தபோது, உடலில் சேர்ந்த சல்ஃபோராபேன் நான்கு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. கடுகின் மைரோசினேஸ் புரோக்கோலியினுடையதைவிட வெப்பத்தைச் சற்று அதிகம் தாங்கக்கூடியது. பச்சை முள்ளங்கிக்கும் இதே ஆற்றல் உண்டு: உறைபதனப் புரோக்கோலியில் இறந்துபோன நொதியின் வேலையை மிகச் சிறிதளவு முள்ளங்கி ஈடுசெய்ததை அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தினர் 2013-இல் காட்டினார்கள்.

ஆனால் நாம் தாளிக்கும் கடுகை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. கொதிக்கும் எண்ணெயில் வெடித்த கடுகில் நொதி மிஞ்சாது. வறுக்காத கடுகைப் பொடித்து, பொரியலை இறக்கிச் சற்று ஆறியபின் தூவிக் கிளற வேண்டும். தயிர்ப் பச்சடியில் பச்சைக் கடுகை அரைத்துச் சேர்க்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதே கைப்பழக்கத்தைக் கோஸுக்கும் கொண்டுவரலாம்.

நாடாப்புழு அச்சத்தைக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. மனிதக் கழிவு கலந்த நீர் பட்ட கீரை, கோஸ் போன்றவற்றில் பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் ஒட்டியிருக்கலாம். அவை வயிற்றுக்குள் சென்றால் மூளையில் கட்டிகளை உண்டாக்கி வலிப்பு வரவழைக்கும். உப்புநீரில் ஊறவைத்தால் முட்டைகள் சாகும் என்று நம்பக்கூடாது. வெளி இதழ்களைக் கழித்துவிட்டு, ஒவ்வொரு இதழாகப் பிரித்து ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுவது முட்டைகளை அகற்றும். சமைப்பது உறுதியாகக் கொல்லும். ஆகவேதான் நம் சூழலில், கோஸை வேகவைத்துக் கடுகுப் பொடி சேர்ப்பதைப் பச்சைக் கோஸைவிட நான் மேலாகப் பரிந்துரைக்கிறேன்.

பர்மா நகர் இளைஞர்

பச்சைக் கோஸ் என்றதும் எங்கள் உணவைப் பற்றிக் கேட்கத் தோன்றுகிறது. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பம் எங்களுடையது. அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் உணவு இல்லாத மாலை எங்கள் பகுதியில் இல்லை. கடற்கரை ரயில் நிலையத்திற்கு எதிரே உள்ள கடைகளைப் பலரும் அறிவீர்கள். அகலமான பாத்திரத்தில் நூடுல்ஸைப் போட்டு, மேலே ஒரு கைப்பிடி நூல்போல் அரிந்த பச்சைக் கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், எண்ணெய் எல்லாம் விட்டுக் கையால் பிசைந்து கொடுப்பார்கள். கோஸை அவ்வளவு மெல்லியதாக அரிந்து மணிக்கணக்கில் வைத்திருப்பதால் நீங்கள் சொன்ன வேதிவினை அங்கே நடந்திருக்கும் அல்லவா?

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், தண்டையார்பேட்டை

நடந்திருக்கும், தம்பி. எவ்வளவு மெல்லியதாக அரிகிறோமோ அவ்வளவு செல்கள் உடைகின்றன. கோஸ் வேகாததால் மெல்லும்போதும் மீதி வினை நடக்கும். மணிக்கணக்கில் வைத்திருப்பதால் மட்டும் கூடிக்கொண்டே போகாது, ஏனெனில் அல்லைல் ஐசோதயோசயனேட் எளிதில் ஆவியாகும் பொருள். அரிந்த கூடையிலிருந்து எழும் நெடியே அது வெளியேறுவதற்குச் சான்று. வேதியியல் பார்வையில் அத்தோ நல்ல உணவுதான். கோஸை எந்த நீரில் கழுவினார்கள் என்பது மட்டுமே கேள்வி. அதைக் கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள், நல்ல கடைக்காரர் தயங்காமல் சொல்வார்.

இன்னொன்றையும் இங்கே சேர்க்கிறேன். எல்லா வினையும் நாம் விரும்பும் பக்கமே போவதில்லை. புரோக்கோலி, கோஸ் போன்றவற்றில் உள்ள ஒரு புரதம், ஐசோதயோசயனேட்டுக்குப் பதிலாக நைட்ரைல் என்ற பயன் குறைந்த பொருளின் பக்கம் வினையைத் திருப்பிவிடுகிறது. சுமார் 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அந்தப் புரதம் செயலிழக்கிறது, மைரோசினேஸ் பெருமளவு பிழைத்துக்கொள்கிறது. இதனால் மிதமான ஆவியில் சில நிமிடம் காட்டிய புரோக்கோலி, முற்றிலும் பச்சையானதைவிடச் சில சமயம் அதிகமாகச் சல்ஃபோராபேன் தருகிறது. பச்சையாகத் தின்பதே உச்சம் என்று எண்ணி வயிற்றைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மணலி தொழிலாளி

நான் மணலியில் வசிக்கிறேன், தொழிற்சாலைப் பகுதியில் ஒப்பந்த வேலை செய்கிறேன். எங்கள் காற்று எப்படிப்பட்டது என்பது வடசென்னைக்காரர்கள் அனைவருக்கும் தெரியும். 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் மணலியையும் சேர்த்தது. புரோக்கோலி முளை காற்று மாசின் நஞ்சை உடலிலிருந்து வெளியேற்றும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது. இது உண்மையானால் எப்படியாவது வாங்கிக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.

உணவியல் பணியாளர், பெரம்பூர்

அண்ணா, உங்கள் கவலை முழுக்க நியாயமானது. அந்தக் காணொளி குறிப்பிடுவது சீனாவின் சீடோங் பகுதியில் செய்யப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வாக இருக்க வேண்டும். காற்று மாசு மிகுந்த அந்தப் பகுதியில் 291 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் புரோக்கோலி முளையிலிருந்து தயாரித்த பானத்தை 12 வாரம் தினமும் கொடுத்தார்கள். பானம் குடித்தவர்களின் சிறுநீரில், காற்று மாசிலுள்ள நச்சுகளான பென்சீனின் கழிவுப்பொருள் 61 விழுக்காடும், அக்ரோலீனின் கழிவுப்பொருள் 23 விழுக்காடும் அதிகமாக வெளியேறின. அந்த உயர்வு 12 வாரமும் நீடித்தது. சல்ஃபோராபேன் நம் செல்களில் என்.ஆர்.எஃப்.-2 என்ற புரதத்தை விடுவிக்கிறது, அது நச்சுகளைக் குளுட்டதயோன் என்ற உடலின் காப்புப் பொருளோடு இணைத்து வெளியேற்றும் நொதிகளைப் பெருக்குகிறது. முறையாகச் செய்யப்பட்ட ஆய்வு அது. நான் மதிக்கும் ஆய்வுகளுள் ஒன்று.

ஆனால் அந்த ஆய்வு பெரியவர்களிடம், அடர்த்தியாகத் தயாரித்த பானத்தைக் கொண்டு, கழிவுப்பொருளை மட்டும் அளந்தது. நோய் குறைந்ததா என்று அது பார்க்கவில்லை. அத்தனை குறுகிய காலத்தில் பார்க்கவும் முடியாது. குழந்தைக்கு மாத்திரையோ சாறோ கொடுக்க அதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். குழந்தையின் தட்டில் கோஸும் முள்ளங்கியும் முருங்கைக்கீரையும் அடிக்கடி இருக்கட்டும். சல்ஃபோராபேன் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சிறுநீரில் வெளியேறிவிடுவதால், வாரத்தில் ஒருநாள் நிறையத் தின்பதைவிடப் பல நாள் கொஞ்சம் கொஞ்சமாக உண்பது அறிவுடையது. புகைபோக்கியிலிருந்து வருவதைக் குறைக்க வேண்டியது ஆலைகளின் கடமை. அந்தக் கடமையின் சுமையைக் காய்கறி விற்கும் வண்டியில் ஏற்றக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

வியாசர்பாடி வாசகர்

அம்மா, அப்படியென்றால் சித்தியின் மாத்திரையைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்? புற்றுநோயைத் தடுக்கும் என்பது எந்த அளவுக்கு நிறுவப்பட்டது?

உணவியல் பணியாளர், பெரம்பூர்

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் இந்தக் காய்களைப் பற்றி ஒரு தனி நூலே வெளியிட்டது. இவற்றை அதிகமாக உண்பவர்களுக்கு வயிறு, நுரையீரல் புற்றுநோய்களின் வாய்ப்பு ஓரளவு குறையக்கூடும் என்பதே அதன் நிதானமான முடிவு. அது காய்களை உண்டவர்களைப் பற்றியது. ஏற்கெனவே நோய் வந்தவருக்கு மருந்து என்று அங்கே சொல்லப்படவில்லை.

சித்திக்கு முக்கியமானது வேறொன்று. இண்டோல்-3-கார்பினால் வயிற்று அமிலத்தில் டை-இண்டோலைல்-மீத்தேன் என்ற பொருளாக மாறுகிறது. "டிம்" என்ற பெயரில் அது மாத்திரையாகவும் விற்கப்படுகிறது. டமாக்சிஃபென் எடுத்துவந்த 130 பெண்களைச் சேர்த்து அமெரிக்காவில் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு டிம் மாத்திரை எடுத்தவர்களின் இரத்தத்தில் எண்டாக்சிஃபென் அளவு குறைந்தது. டமாக்சிஃபென் உடலில் எண்டாக்சிஃபெனாக மாறித்தான் தன் வேலையைச் செய்கிறது. அந்தக் குறைவால் மருந்தின் பலன் கெடுமா என்பதை ஆய்வு முடிவுகட்டவில்லை, ஆனால் சிகிச்சையில் இருப்பவர் தெரிந்தே எடுக்க வேண்டிய ஆபத்து அல்ல அது. புட்டியின் மேல் இண்டோல்-3-கார்பினாலோ டிம்மோ எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, புட்டியையே எடுத்துச் சென்று புற்றுநோய் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அவர் பார்க்கும் வரை அந்தப் புட்டி மாத்திரையை மட்டும் நிறுத்தி வைப்பது நல்லது, டமாக்சிஃபெனை அல்ல. வீட்டுச் சமையலில் சேரும் கோஸுக்கும் முள்ளங்கிக்கும் இந்தத் தடை பொருந்தாது.

பல மாத்திரைகளில் குளுக்கோராபனின் மட்டுமே இருக்கிறது, உயிருள்ள நொதி இல்லை. அவற்றை விழுங்குவது, நொதி இறந்த காயைத் தின்பதைப் போலவே குடல் நுண்ணுயிரிகளை நம்பியிருப்பதாகும். அவ்வளவு பணம் கொடுத்தும் வேகவைத்த கோஸின் அதே குறைபாட்டையே வாங்குகிறோம்.

திருவொற்றியூர் வாசகி

எனக்குத் தைராய்டு குறைவு. தினமும் மாத்திரை எடுக்கிறேன். கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி மூன்றையும் தொடவே கூடாது என்று சொல்லி, உறவினர் வீடுகளில் எனக்குத் தனியாகச் சமைக்கிறார்கள். இது தேவைதானா?

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், தண்டையார்பேட்டை

இந்த அச்சத்தின் வேர் 1928-இல் இருக்கிறது, அம்மா. கோஸை முதன்மை உணவாகக் கொடுத்து வளர்த்த ஆய்வக முயல்களுக்குக் கழுத்துக் கழலை வந்ததை அப்போது கண்டார்கள். புரோகாய்ட்ரின் என்ற குளுக்கோசினோலேட்டிலிருந்து வரும் காய்ட்ரினும், வேறு சிலவற்றிலிருந்து வரும் தயோசயனேட்டும் தைராய்டின் வேலையில் குறுக்கிடக்கூடியவை என்பது உண்மை. ஆனால் அளவைப் பாருங்கள்: 2010-இல் மருத்துவ இதழில் வெளியான ஒரு நிகழ்வில், 88 வயது மூதாட்டி ஒருவர் பல மாதங்கள் தினமும் ஒன்று முதல் ஒன்றரை கிலோ வரை பச்சைச் சீனக்கோஸைத் தின்று, தைராய்டு முற்றிலும் குன்றி மயக்க நிலைக்குப் போனார். மறுபுறம், காய்ட்ரினுக்குப் பெயர்போன களைக்கோஸை (பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ்) வேகவைத்துத் தினமும் 150 கிராம் வீதம் நான்கு வாரம் உண்டவர்களின் தைராய்டு அளவுகளில் மாற்றம் எதுவும் இல்லை என்று 1986-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அயோடின் உப்புப் பயன்படுத்தும் வீட்டில் வாரம் சிலமுறை சமைத்த கோஸ் உண்பதற்கு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. உங்களுக்குப் பொருந்தாதது தினமும் காலையில் பச்சைக் கோஸ் சாறு குடிக்கும் புதிய பழக்கம்தான்.

உணவியல் பணியாளர், பெரம்பூர்

ஐயா சொன்னதோடு ஒன்று: தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் நீரோடு எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து உண்ணுங்கள், சுண்ணாம்பு, இரும்புச் சத்து மாத்திரைகளை நான்கு மணி நேரமாவது தள்ளி எடுங்கள். கோஸை ஒதுக்குவதைவிட இதுவே மாத்திரை உடலில் சேர உதவும்.

கொருக்குப்பேட்டை மகன்

அப்பாவுக்கு இதய வால்வு மாற்றி, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் கொடுத்திருக்கிறார்கள். இந்த இழையைப் படித்துவிட்டு அம்மா நாளையிலிருந்து தினமும் கோஸ் பொரியல் செய்யப் போவதாகச் சொல்கிறார். செய்யலாமா?

உணவியல் பணியாளர், பெரம்பூர்

தம்பி, திடீரென்று தினமும் வேண்டாம். இதை அம்மாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள். வார்ஃபரின், இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து இயங்குகிறது. 100 கிராம் கோஸில் ஏறத்தாழ 76 மைக்ரோகிராமும், புரோக்கோலியில் 100 மைக்ரோகிராமும் வைட்டமின் கே இருக்கிறது. காலிஃபிளவரில் 16 அளவில்தான், முள்ளங்கிக் கிழங்கில் மிகச் சொற்பம். இதுவரை கோஸே உண்ணாதவர் திடீரென்று தினமும் உண்டால், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு இறங்கி, வால்வில் இரத்தம் உறையும் ஆபத்து வரும். தினமும் உண்டு பழகியவர் ஒரேயடியாக நிறுத்தினால் அது ஏறி, இரத்தக் கசிவு வரும். அப்பா இதுவரை வாரத்தில் எத்தனை முறை, எவ்வளவு கோஸும் கீரையும் உண்டாரோ அதே அளவில் தொடரட்டும். அம்மாவுக்கு ஏதாவது சேர்க்கத்தான் வேண்டும் என்றால் முள்ளங்கிச் சாம்பார் வைக்கட்டும். இலையை நீக்கிவிட்டுக் கிழங்கை மட்டும் போடச் சொல்லுங்கள். கோஸின் அளவைக் கூட்ட விரும்பினால், அடுத்த ஐ.என்.ஆர். பரிசோதனையின்போது மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் குறிக்கும் நாளில் மறுபரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.